காடை நன்றாக முட்டையிடுகிறது, ஆனால் பாதிகூடப் பொரிவதில்லை. இறைச்சிக் காடைப் பண்ணையில் இது ஏன்?

இன்குபேட்டரைக் குறை சொல்வதற்கு முன்னால், பொரியாமல் நின்ற முட்டைகளை உடைத்துப் பாருங்கள். காடை முட்டை ஓட்டில் புள்ளி அடர்த்தி என்பதால் டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே சரியாகத் தெரியாது. ரத்த வளையம் தெரிந்தால் கரு கூடி, ஆரம்பத்திலேயே செத்திருக்கிறது. முழுக் குஞ்சாகி ஓட்டுக்குள் செத்திருந்தால் கடைசி மூன்று நாள் ஈரப்பதத்தைக் கவனியுங்கள். அப்போது 70 சதவீதம் அளவுக்காவது வேண்டும். கரு வளர்ந்த அடையாளமே இல்லாமல் வெறும் மஞ்சள் கருதான் இருக்கிறது என்றால் மெஷினை விடுங்கள், கூண்டுக்குப் போங்கள்.

கூண்டில் முதலில் சேவலைப் பிடியுங்கள். பின்துவாரத்துக்கு மேலே சிவந்த புடைப்பு ஒன்று இருக்கும். மெதுவாக அழுத்தினால் கெட்டியான வெள்ளை நுரை வரவேண்டும். வராத சேவல் இனச்சேர்க்கைக்குத் தயாராகவில்லை, அல்லது ஓய்ந்துவிட்டது. பல சேவல்களுக்கு ஒரே நேரத்தில் நுரை நின்றிருந்தால் வெளிச்சத்தைப் பாருங்கள். மார்கழியில் நம் ஊரில் பகல் 12 மணி நேரத்துக்கும் குறைவு. பல்பு போட்டு 16 மணி நேரம் ஆக்காவிட்டால் சேவலின் விரை சுருங்கிவிடும். 8 வாரத்திலிருந்து 24 வாரம் வரை உள்ள காடைகளின் முட்டையைத்தான் பொரிப்புக்கு எடுக்கலாம். அதற்கு மேல் பெட்டை முட்டையிட்டாலும் கருக்கூடுவது குறைந்துகொண்டே போகும். இரண்டு அல்லது மூன்று பெட்டைக்கு ஒரு சேவல் போதும். அதிகம் விட்டால் பெட்டையின் தலையையும் முதுகையும் கொத்தி மொட்டையாக்கிவிடும்.

இறைச்சிக்காக வளர்ப்பவர்கள் எடையை மட்டுமே பார்த்துத் தாய்க்காடையை, அதாவது குஞ்சு எடுப்பதற்காக வைத்துக்கொள்ளும் சேவலையும் பெட்டையையும், பொறுக்குகிறார்கள். இது எனக்கு உண்மையிலேயே கவலை தரும் பழக்கம். உடம்பு பெருக்கப் பெருக்கக் கருக்கூடும் திறன் இறங்கும். அளவுக்கு மீறிக் கொழுத்த சேவலால் ஒழுங்காக மிதிக்க முடியாது. காடையில் பெட்டைதான் சேவலைவிடப் பெரியது. அதனால் சேவலைச் சேவலோடும் பெட்டையைப் பெட்டையோடும் ஒப்பிட்டு, நல்ல எடையும் துறுதுறுப்பும் உள்ளதை 4-5 வார வயதிலேயே எடுத்து வையுங்கள். விற்றது போக மிஞ்சியதைத் தாய்க்காடையாக்க வேண்டாம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் உறவுக் கலப்பு. வெளியிலிருந்து எதுவும் சேர்க்காமல் சொந்தக் குஞ்சையே தாயாக்கி, அதன் குஞ்சை மறுபடி தாயாக்கிக்கொண்டே போகிறோம். நம் பண்ணைகளில் வளரும் ஜப்பானியக் காடை இதைத் தாங்கவே தாங்காது. கூடப்பிறந்தவற்றையே தொடர்ந்து சேர்த்தால் மூன்று தலைமுறைக்குள் அந்த வரிசை பெரும்பாலும் அற்றுப்போகும். முதலில் கருக்கூடுவது குறையும், பிறகு பொரிப்பு, பிறகு குஞ்சு சாவு.

இதற்கு நான் சொல்லும் வழி எளிது. தாய்க்காடைகளை நான்கைந்து குழுவாகப் பிரித்து, குழுவுக்கு ஒரு நிறத்தில் கால் வளையம் போடுங்கள். ஒவ்வொரு தலைமுறையிலும் பெட்டைகள் அந்தந்தக் குழுவிலேயே இருக்கட்டும். முதல் குழுச் சேவல்கள் இரண்டாவதற்கு, இரண்டாவதன் சேவல்கள் மூன்றாவதற்கு, கடைசிக் குழுவினுடையவை முதல் குழுவுக்கு. சேவலையும் பெட்டையையும் ஒரே நாளில் புதுக் கூண்டில் விடுங்கள். பழகிய கூட்டத்தில் தனிச் சேவலை நுழைத்தால் சண்டைதான். இடையிடையே வெளி ரத்தமும் வேண்டும். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவாக்கிய நந்தனம் காடை, நாமக்கல் காடை ரகங்களை விசாரித்துப் பாருங்கள்.

முட்டையைப் பத்திரப்படுத்துவதிலும் ஒரு விஷயம் உண்டு. காடை பெரும்பாலும் பிற்பகலிலும் மாலையிலும்தான் முட்டையிடும். காலையில் மட்டும் சேகரித்தால் இரவு முழுக்கச் சூட்டில் கிடந்து, கரு அரைகுறையாக வளரத் தொடங்கிச் செத்துப்போகும். இருட்டியதும் ஒருமுறை எடுத்து, கூர்முனை கீழே இருக்கும்படி 15 டிகிரி அளவில் வைத்து, ஏழு நாளுக்குள் மெஷினில் ஏற்றிவிடுங்கள்.