பிலிப் கேரி தியாகம் செய்தானா?

வணக்கம் ஐயா,

சாமர்செட் மாமின் ‘ஆஃப் ஹ்யூமன் பாண்டேஜ்’ (1915) நாவலைப் படித்து முடித்தேன். பிறவியிலேயே பாதம் வளைந்த பிலிப், ஸ்பெயின் பயணக் கனவை, தன் நண்பரின் மகள் ஸாலிக்காகத் தியாகம் செய்கிறான். அந்தத் தியாகத்தில்தான் தன்னைக் கண்டுகொள்கிறான் என்று எனக்குப் பட்டது. சரிதானா?

செ.

அன்புள்ள செ.,

கடைசி அத்தியாயங்களை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். எது முன்னால், எது பின்னால் என்பது அங்கே முக்கியம். ஸாலி கருவுற்றிருக்கலாம் என்று தெரிந்ததும், பயணத்தைக் கைவிட்டு அவளை மணப்பதென்று பிலிப் முடிவு செய்கிறான். மருத்துவம் படித்த அவன் முன்பு உதவியாளனாக இருந்த முதியவர் டாக்டர் சவுத் கூப்பிட்டபடியே இங்கிலாந்தின் டார்செட் பக்கம் போய் அவரோடு வைத்தியம் பார்க்கலாம் என்றும் நினைக்கிறான். தான் செய்யப்போகும் தியாகத்தை எண்ணி அவனுக்கே பெருமிதம். பிறகு லண்டன் நேஷனல் கேலரி ஓவியக்கூடத்தில் சந்திக்கும்போது, அப்படி ஒன்றும் இல்லை என்று ஸாலி சொல்லிவிடுகிறாள். இனி தடையில்லை, ஸ்பெயினுக்குக் கிளம்பலாம். ஆனால் நிம்மதி வரவில்லை, மனம் வெறிச்சோடிப் போகிறது. தான் ஆசைப்பட்டது வீட்டுக்கும் மனைவிக்கும் அன்புக்கும்தான் என்று அப்போதுதான் அவனுக்குப் புரிகிறது. தியாகத்துக்கான காரணம் இல்லாமல் போன பிறகே அவன் தன்னைக் கண்டுகொள்கிறான்.

தியாகம் என்ற பெயரில் அவன் இதற்கு முன் செய்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அவன் பித்தாகக் காதலித்த மில்ட்ரெட்டும், அவன் நண்பன் கிரிஃபித்ஸும் ஒருவரையொருவர் விரும்பி, சேர்ந்து ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போக அவனே பணம் தருகிறான். யாரும் கேட்கவில்லை, வலியப் போய்த் தருகிறான். முதல் வாசிப்பில் அது பெருந்தன்மை போலத்தான் தெரியும். அதன் வேர் பள்ளி விடுதியில் இருக்கிறது. பாதத்தைக் காட்டச் சொல்லிப் பையன்கள் கையை முறுக்குகிறார்கள். வலி பொறுக்காமல் பிலிப் போர்வைக்கு வெளியே நீட்டுகிறான். அவர்கள் போனபின் தலையணையைக் கடித்துக்கொண்டு அழுகிறான். வலிக்காகவோ, பார்த்துவிட்டார்களே என்றோ அல்ல. நானாகவே நீட்டிவிட்டேனே என்று தன்மேலேயே கோபம். மில்ட்ரெட்டிடம் அவன் செய்வதும் இதுதான்: மற்றவர் குத்துவதற்கு முன் தன் புண்ணைத் தானே திறந்து காட்டுகிறான். அதே மில்ட்ரெட்தான் பின்னால் ‘நொண்டி’ என்று அவன் முகத்துக்கு நேரே கத்துகிறாள்.

உடற்குறை உள்ளவரைத் தியாகியாக்கி வாசகரை அழவைக்கும் நாவல்கள் நிறைய உண்டு. அவருக்கென்று ஓர் ஆசை இருப்பதை அவை மறந்துவிடுகின்றன. மாம் அந்த ஆசையைத்தான் கடைசிவரை தேடுகிறார். திக்குவாயோடு வாழ்ந்தவர் அவர். பிலிப்பின் கூச்சம் அவருக்கு வெளியிலிருந்து பார்த்துத் தெரிந்துகொண்டதல்ல.

கேலரிக் காட்சிக்குச் சற்று முன்னால் இன்னொரு பக்கம் இருக்கிறது, பலரும் வேகமாகத் தாண்டிவிடுவது. வளைந்த பாதம் தன் சுபாவத்தைக் கோணலாக்கியதையும், தன் உள்ளுக்குள் பார்க்கும் பழக்கத்தைத் தந்ததும் அதுவே என்பதையும் பிலிப் ஒருசேர ஒப்புக்கொள்கிறான். குறை ஏதும் இல்லாதவர் அரிது என்றும் எண்ணுகிறான். கிரிஃபித்ஸையும் மில்ட்ரெட்டையும் மன்னிக்க முடிவது அங்கேதான். அப்போதும் ஸாலியை மணப்பது தியாகம் என்ற நினைப்பு அவனை விடவில்லை. இரண்டு இடங்களையும் அடுத்தடுத்துப் படித்துவிட்டு எழுதுங்கள்.