வாசகர் கேள்வி பதில்: ஆறு துளையும் பொருந்தினால் போதுமா?

கேள்வி: என்னிடம் 2003ஆம் ஆண்டு மிட்சுபிஷி பஜேரோ இருக்கிறது. தோட்டத்துச் செம்மண் சாலையில் ஓடி ஓடி, அதன் 16 அங்குல அலோய் ரிம்களில் இரண்டு விரிசல் விட்டுவிட்டன. பழைய சாமான் கடையில் டொயோட்டா ஹைலக்ஸ் ரிம்கள் நான்கு மலிவாகக் கிடைக்கின்றன. ஆறு துளையும் பொருந்தும் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?
– வாசகர், சுங்கை சிப்புட், பேராக்

பதில்: கடைக்காரர் பொய் சொல்லவில்லை. ஆறு துளை ஹைலக்ஸுக்கும் உங்கள் பஜேரோவுக்கும் போல்ட் வட்டத்தின் (ஆறு துளைகளின் மையங்கள் வழியாகப் போகும் வட்டம்) விட்டம் 139.7 மில்லிமீட்டர்தான்; நட்டின் மரையும் ஒன்றே. ஆனாலும் வாங்காதீர்கள். ரிம்மின் நடுத்துளை ஹைலக்ஸில் 106 மி.மீ., பஜேரோவிலோ 67.1 மி.மீ. மாட்டிய பிறகு ஹப்பை, அதாவது சக்கரம் அமரும் அச்சின் நடுப்பகுதியை, சுற்றிலும் 19 மி.மீ.க்கு மேல் வெற்றிடம் இருக்கும் என்பதால், சக்கரத்தை நடுவில் நிறுத்தும் பொறுப்பு முழுவதும் நட்டுகளின் மேல் விழுகிறது.

இதே ஜோடிப் பொருத்தத்துடன் பட்டறைக்கு வந்த ஒரு வண்டியை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் ஸ்டியரிங் உதறுகிறது என்றார் உரிமையாளர். நட்டுகளைக் கழற்றினால், வட்டமாக இருக்க வேண்டிய துளைகளில் இரண்டு முட்டை வடிவில் தேய்ந்திருந்தன. தட்டையான வாஷர் வைத்த நட்டுகளைப் போட்டிருந்தார்கள். அவை ரிம்மை அழுத்திப் பிடிக்குமே தவிர நடுவில் கொண்டுவந்து நிறுத்தாது. கூம்பு வடிவ நட்டும் நடுத்துளையின் வெற்றிடத்தை அடைக்கச் சரியான அளவில் கடைந்த அலுமினிய வளையமும் இருந்தால் நிலைமை மாறும் என்பது உண்மைதான். ஆனால் மண்மேடும் குழியுமான பாதையில், குடும்பத்தை ஏற்றிக்கொண்டு ஓடும் வண்டிக்கு அந்த ஒட்டுவேலை எதற்கு?

அடுத்தது ஆஃப்செட். ரிம்மின் அகலத்துக்கு நடுக்கோட்டிலிருந்து, ஹப்பில் அமரும் முகம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதைக் காட்டும் எண் அது. ரிம்மின் பின்பக்கத்தில் வார்த்திருப்பார்கள். 7 அங்குல அகலமும் 46 ஆஃப்செட்டும் உள்ள ரிம்மை எடுத்துவிட்டு 8 அங்குலத்தில் 10 ஆஃப்செட் ரிம் போட்டால், சக்கரம் ஏறத்தாழ 49 மி.மீ. வெளியே வந்துவிடும். மட்கார்டைத் தாண்டி டயர் நீட்டிக்கொண்டு நிற்கும், பேரிங்கின் சுமை கூடும், ஸ்டியரிங்கை முழுவதும் திருப்பினால் டயர் உரசவும் உரசும்.

உங்களுக்குத் தேவை இரண்டு ரிம்தான். அதே தலைமுறைப் பஜேரோவின் ரிம்களைத் தேடுங்கள்; கிடைக்காவிட்டால் மிட்சுபிஷி டிரைட்டனின் 16 அங்குல ரிம்களைப் பாருங்கள், நடுத்துளை 67.1 மி.மீ.தான். அகலமும் ஆஃப்செட்டும் மிச்சமிருக்கும் ரிம்களோடு ஒத்துப்போகின்றனவா என்பதை மட்டும் எண்ணைப் படித்து உறுதிசெய்யுங்கள். மாட்டும்போது ஒவ்வொரு நட்டையும் முதலில் கையால் முடுக்கி எண்ணிப் பாருங்கள்: குறைந்தது எட்டுச் சுற்று ஏற வேண்டும். நூறு கிலோமீட்டர் ஓடிய பின் டார்க் ஸ்பேனரால் (முடுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) நட்டுகளை மீண்டும் சரிபாருங்கள்.

விரிசல் விட்ட ரிம்களை வெல்டிங் செய்து ஸ்பேராக வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பின்கதவில் தொங்கும் ஸ்பேரின் டயரும் மற்ற நான்கின் அளவிலேயே இருக்கட்டும். அளவு மாறுபட்ட டயரோடு நான்கு சக்கர இயக்கத்தில் ஓட்டினால் கியர்ப்பெட்டிக்குப் பின்னுள்ள பாகங்கள் சூடேறித் தேயும்.