முதலில் நெஞ்சில் கை, அப்புறம்தான் வண்டி: கேள்வி பதில்

சேலத்தில் அவசர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். இதயம் நின்று சுருண்டு விழுந்தவருக்கு என்ன செய்வது என்று வந்த கேள்விகளும் என் பதில்களும்.

ஏற்காடு டாக்சி ஓட்டுநர்: மேலே யாராவது விழுந்தால் வண்டியில் போட்டுச் சேலத்துக்கு இறக்குவதுதானே வேகம், அக்கா?

இல்லைங்க அண்ணா. 20 கொண்டை ஊசி வளைவு. பின்சீட்டில் மடக்கிப் போட்ட ஆளின் நெஞ்சை யாராலும் ஒழுங்காக அழுத்த முடியாது. ரத்தம் போகாத மூளை சில நிமிடங்களிலேயே கெட ஆரம்பித்துவிடும். அடிவாரம் வரை தாங்காது. விழுந்த இடத்திலேயே தரையில் மல்லாக்கப் படுக்கவையுங்கள். ஒருவர் 108-ஐ அழைக்கட்டும். நீங்கள் நடுநெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, மறுகையை மேலே கோத்து, முழங்கை மடங்காமல் அழுத்துங்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 செ.மீ. ஆழம், 6-ஐத் தாண்ட வேண்டாம். ஒவ்வொரு தடவையும் நெஞ்சு முழுசாக மேலே எழும்ப விடுங்கள். பலர் கோட்டை விடுவது இங்கேதான். 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுங்கள். களைப்பு உங்களுக்குத் தெரியும் முன்பே அழுத்தம் குறைந்திருக்கும்.

அம்மாபேட்டை தறிக்காரர்: இழுத்து இழுத்து மூச்சு விட்டால்?

தரையில் போட்ட மீன் மாதிரி எப்போதோ ஒருமுறை வாய் திறந்தால் அது மூச்சுக் கணக்கில் சேராது. தோளைத் தட்டிக் கூப்பிட்டும் அசைவில்லையா, ஆரம்பித்துவிடுங்கள். நாடி தேட வேண்டாம். தறியில் ஷாக் அடித்தவர் என்றால் முதலில் மெயினை அணையுங்கள்.

அவருடைய மனைவி: கை கால் உதறினால் சாவி கொடுக்கலாமா?

இதயம் நின்ற சில நொடிகளில் வலிப்பு மாதிரி உதறுவது உண்டு. வலிப்புக்கே சாவி உதவாதுங்க அக்கா. உதறல் நின்றதும் மூச்சைப் பாருங்கள்.

கல்லூரி மாணவி: விலா எலும்பு உடைந்துவிடாதா? வாயில் ஊத வேண்டுமா?

உடையலாம். என் கைக்கடியிலேயே ‘மடக்’கென்று கேட்டிருக்கிறது, வயிறு ஒரு நொடி கலங்கும், ஆனால் கையை எடுக்கவில்லை. எலும்பு பிறகு கூடிவிடும். ஊதப் பழகவில்லை என்றால் அழுத்தினால் போதும், ஒன்றும் செய்யாமல் நிற்பதைவிட எவ்வளவோ மேல். ஏரியில் மூழ்கியவர், சின்னக் குழந்தை என்றால் மூச்சும் முக்கியம்: தெரிந்தவர் இருந்தால் 30 அழுத்தலுக்கு 2 ஊதல்.

அதே மாணவி: எப்போது நிறுத்துவது?

108-காரர்கள் வந்து கையை எடுக்கச் சொல்லும்வரை விடாதீர்கள். அதற்கு முன்னால் விழுந்தவரே உங்கள் கையைத் தட்டிவிட்டால் சரி, நிறுத்திக்கொள்ளுங்கள்.