யார் சொல்லுக்கு யார் ஆடுவது? புரொசெசர், பணிசெயல் முறைமை: கேள்வி பதில்

சாவகச்சேரி, உயர்தர மாணவி: அண்ணை, புரொசெசரைச் செய்து முடித்த பிறகுதானே பணிசெயல் முறைமையை (விண்டோஸ், லினக்ஸ் மாதிரி) எழுதுகிறார்கள்? அது எப்படிப் புரொசெசரின் வடிவமைப்பை மாற்றும்?

முதல் தரம் அப்படித்தான், தங்கச்சி. அடுத்த புரொசெசரை வரைகிறவர்கள், முந்தியதில் எது பயன்பட்டது, எது சும்மா கிடந்தது என்று பார்ப்பார்கள். 1982இல் வந்த இன்டெல் 286 புரொசெசரில், ஒரு புரோகிராம் இன்னொன்றின் நினைவகத்தைத் தொடாமல் காக்கிற பாதுகாப்பு நிலை ஒன்று இருந்தது. உள்ளே போகலாம்; ரீசெட் செய்யாமல் திரும்பி வர வழியில்லை. அந்தக் காலப் பணிசெயல் முறைமையான டொஸின் புரோகிராம்களோ பழைய நிலையில்தான் ஓடும். ஐபிஎம் கணினியில் கீபோர்ட் கொன்ரோலரைக் கொண்டு புரொசெசரை ரீசெட் பண்ணித்தான் வெளியே வந்தார்கள்! இதைப் பார்த்துத்தான் 1985இல் வந்த 386, பாதுகாப்பு நிலைக்குள்ளேயே டொஸ் புரோகிராம்கள் ஓட வழி வைத்தது.

மானிப்பாய்: ஆறாம் தலைமுறை ஐ5 லப்டொப். விண்டோஸ் 11 ஓடுமா?

அதிகாரபூர்வமாக இல்லை. இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான்.

நல்லூர்: 2018க்குப் பிறகு என் பழைய லினக்ஸ் கணினி மந்தம். பாதுகாப்புத் திருத்தத்தை நிறுத்தினால் வேகம் வருமாமே?

நிறுத்தாதீர்கள். வேகத்துக்காகக் கேர்னலின் (பணிசெயல் முறைமையின் மையப் பகுதி) நினைவகத்தை ஒவ்வொரு புரோகிராமின் முகவரி வெளியிலும் சேர்த்தே வைத்திருந்தார்கள், புரொசெசர் காவல் காக்கும் என்ற நம்பிக்கையில். 2018 ஜனவரியில், அந்தக் காவலைத் தாண்டிக் கேர்னலின் நினைவகத்தைப் படிக்கவிடும் மெல்ட்டவுன் என்ற ஓட்டை வெளியானதும் இரண்டையும் பிரிக்க வேண்டி வந்தது. கேர்னலுக்குள் போய் வரும்போதெல்லாம் பக்க அட்டவணையை (எந்த முகவரி நினைவகத்தில் எங்கே என்ற பட்டியல்) மாற்றுவதால் வருகிற மந்தம் இது. பின்னால் வந்த புரொசெசர்களில் உள்ளேயே திருத்திவிட்டார்கள். வங்கிக் கணக்குத் திறக்கிற கணினியில் இந்த விளையாட்டு வேண்டாம்.

சுன்னாகம்: ஆப்பிள் எம்1இல் முதல்நிலைத் தரவுக் கேஷ் (புரொசெசருக்குள்ளேயே இருக்கிற சின்ன, வேகமான நினைவகம்) 128 கிலோபைட். இன்டெல் ஏன் அவ்வளவு வைக்கவில்லை?

நல்ல கேள்வி. புரோகிராமின் முகவரியை உண்மையான நினைவக முகவரியாக மாற்றி முடியும்வரை நிற்காமல் கேஷில் தேடத் தொடங்க, முகவரியின் மாறாத கீழ்ப்பகுதிதான் கை கொடுக்கும். அதன் நீளம் பக்க அளவைப் பொறுத்தது; பக்கம் என்பது நினைவகத்தைப் பிரிக்கிற துண்டு. 4 கிலோபைட் பக்கம், 8 வழிகள் (ஒரே கீழ்ப்பகுதிக்குக் கேஷில் எட்டு இடம்) என்றால் 32 கிலோபைட். ஆப்பிள் பக்கத்தை 16 ஆக்கியது, எட்டால் பெருக்குங்கள். விண்டோஸ் உலகம் 4ஐ நம்பியே எழுதப்பட்டது.

திருநெல்வேலி, பல்கலைக்கழக மாணவன்: அண்ணை, நீங்கள் மென்பொருள் பக்கம் சாய்கிறீர்கள். வன்பொருள் கொடுக்காததை எந்தக் கேர்னலும் செய்யாது.

கொடுத்ததை எடுக்காவிட்டால்? எந்தப் புரோகிராம் எதைத் தொடலாம் என்று பிரிக்க இன்டெல் நான்கு அதிகாரப் படிகள் கொடுத்தது. விண்டோஸும் லினக்ஸும் இரண்டைத்தான் எடுத்தன. ஒரு புரோகிராமை நிறுத்தி இன்னொன்றுக்கு மாற வன்பொருளிலேயே வசதி இருந்தது, அதையும் கைவிட்டார்கள். 2003இல் ஏஎம்டி, 64 பிட் நிலையில் அந்த வசதியைக் கழற்றியே விட்டது.

அதே மாணவன்: பாவிக்காததைக் கழற்றுவது ஒரு செல்வாக்கா?

பருத்தித்துறை (குறுக்கே): தம்பி, இன்டெல்லின் 2021 ஆல்டர் லேக் புரொசெசரைப் பார். பெரிய கோர்களில் (கோர் என்றால் புரொசெசருக்குள் தனித்து வேலை செய்கிற பகுதி) ஏவிஎக்ஸ்-512 என்ற கட்டளைத் தொகுதி இருந்தது, சின்னதில் இல்லை. கேர்னல் வேலையை எந்தக் கோருக்கும் தூக்கிப் போடுமே! கடைசியில் பெரிய கோர்களிலும் மூடினார்கள்.

மாணவன்: அது இன்டெல்லின் திட்டமிடல் பிழை. எந்த வேலை எந்தக் கோருக்குப் பொருந்தும் என்று சொல்கிற ஆல்டர் லேக்கின் த்ரெட் டைரக்டருக்காக விண்டோஸ் 11 தானே மாறியது?

சரியான இடத்தில் பிடித்தீர்கள். அங்கே புரொசெசர் துப்புக் கொடுக்கிறது, கேர்னலில் வேலையைப் பங்கிடுகிற ஷெட்யூலர் கேட்டு நடக்கிறது. ஆனால் துப்பைக் கேட்காவிட்டாலும் புரோகிராம் ஓடும், கொஞ்சம் மெதுவாக. தெரியாத கட்டளையோடு சின்னக் கோரில் போய் விழுந்தால் புரோகிராம் அதோடு நின்றுவிடும். அதனால்தான் ஒன்றில் விண்டோஸ் வளைந்தது, மற்றதில் சிலிக்கன் வளைந்தது.

கோண்டாவில்: ஏழாம் தலைமுறை. விண்டோஸ் 11?

மானிப்பாய்க்குச் சொன்னதை வாசியுங்கள். லினக்ஸ் போடுவதானால் போடுங்கள். பாதுகாப்புத் திருத்தத்தில் மட்டும் கை வைக்காதீர்கள்.