வாசகர் கேள்வி – பதில்: குளத்துக்குத் தண்ணீர், மாடிக்குப் பாரம்

கேள்வி: எங்கள் அடுக்ககத்தில் உடைந்த டைல்ஸை மாற்றுவதற்காக நீச்சல்குளத்தைக் காலி செய்தோம். குழாயில் வரும் காவிரித் தண்ணீரைக் குளத்துக்கு விடத்தான் தடை, டேங்கர் தண்ணீருக்கு இல்லை என்று சொல்லி, அசோசியேஷன் செயலாளர் டேங்கர் வைத்து நிரப்பப் பார்க்கிறார். அவர் சொல்வது சரியா?
– ஒரு வாசகி, ஒயிட்ஃபீல்டு, பெங்களூரு

பதில்: சரியில்லை. 2024 மார்ச்சில், நகரமே குடத்தோடு அலைந்துகொண்டிருந்த நாட்களில், பெங்களூரு குடிநீர் வாரியம் குடிக்கத் தகுந்த நீரை நீச்சல்குளங்களில் பயன்படுத்தக் கூடாது என்று ஆணையிட்டது. அந்த ஆண்டு ஹோலிக்கு முன்பு குளத்து விருந்துகளையும் செயற்கை மழை ஆட்டங்களையும் பற்றி எச்சரித்தபோது, காவிரி நீரோடு போர்வெல் நீரையும் சேர்த்தே சொன்னது. உங்கள் வாசலுக்கு வரும் டேங்கரில் இருப்பது பெரும்பாலும் யாரோ ஒருவருடைய போர்வெல் தண்ணீர்தான். லாரியில் ஏறிவிட்டதால் அது வேறு தண்ணீர் ஆகிவிடுவதில்லை. அந்த ஆணைப்படி, மீறினால் 5,000 ரூபாய் அபராதம். மீண்டும் மீறினால் இன்னொரு 5,000 ரூபாயோடு நாளொன்றுக்கு 500 ரூபாய் கூடும்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்து மீட்டர் நீளம், ஐந்து மீட்டர் அகலம், சராசரியாக 1.2 மீட்டர் ஆழம் உள்ள குளம் 60,000 லிட்டர் கொள்ளும், அதாவது 12,000 லிட்டர் டேங்கர் ஐந்து வேண்டும். அந்த மார்ச்சில் மாவட்ட நிர்வாகம் ஐந்து கிலோமீட்டருக்குள் அத்தகைய டேங்கர் ஒன்றுக்கு 1,000 ரூபாய் என்று விலை வரம்பு வைத்தது. தண்ணீரின் விலையும் அபராதமும் ஒரே தொகையாக அமைந்ததால், அபராதத்தையும் பராமரிப்புச் செலவில் எழுதிவிடலாம் என்று நினைத்த சங்கங்களும் இருந்திருக்கும். நாளொன்றுக்கு 500 ரூபாய் என்பது அவர்களுக்காகவே வைத்ததுபோல் தோன்றுகிறது.

நிரப்புவதற்கு முன் வாரியத்தின் 1916 எண்ணில் அப்போதைய நிலையைக் கேட்டு, கிடைக்கும் பதிலை எழுத்தில் வாங்கிக் கோப்பில் வையுங்கள். டைல்ஸ் வேலையை ஜூன் மாதத்துக்குத் தள்ள முடிந்தால் இன்னும் நல்லது. 500 சதுர மீட்டர் கூரையில் 20 மில்லிமீட்டர் மழை பெய்தால் கணக்குப்படி 10,000 லிட்டர். முதல் மழையைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் 8,000 லிட்டருக்குக் குறையாது. அதை வடிகட்டிக் குளோரின் போட்டுக் குளத்தில் விடலாம். நிரம்பிய பிறகு இரவில் மூடி போட்டு வைக்கச் சொல்லுங்கள். கோடையில் நாளுக்கு ஐந்து மில்லிமீட்டர் ஆவியானால் இந்த அளவுக் குளத்தில் மட்டும் 250 லிட்டர் போய்விடும்.

கேள்வி: இந்திராநகரில் நான்கு மாடிக் கட்டடத்தின் மேல்வீடு எங்களுடையது. மொட்டைமாடியைப் பயன்படுத்தும் உரிமை பத்திரத்திலேயே எங்களுக்கு எழுதப்பட்டிருக்கிறது. நான்கு பேர் உட்காரும் ஜக்குஸி, அதாவது குமிழி அடிக்கும் வெந்நீர்க் குளியல் தொட்டி, வாங்க நினைக்கிறோம். பிளக் மாட்டினால் போதும், எந்த அனுமதியும் வேண்டாம் என்று கடைக்காரர் சொல்கிறார். அசோசியேஷன் தலைவர் மட்டும் பிடிவாதமாக மறுக்கிறார். ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டி ஏற்கெனவே மாடியில் நிற்கிறதே?
– ஒரு வாசகர், இந்திராநகர்

பதில்: நீங்கள் வருத்தப்பட்டாலும் சரி, நான் தலைவர் பக்கம்தான் நிற்கிறேன்.

இரண்டு மீட்டர் நீளமும் இரண்டு மீட்டர் அகலமும் உள்ள ஜக்குஸித் தொட்டியில் சுமார் 1,000 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். அது 1,000 கிலோ. தொட்டியும் மோட்டாரும் ஒரு 250 கிலோ, நான்கு பேர் 280 கிலோ என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 1,530 கிலோ. நான்கு சதுர மீட்டரில் பரப்பினால் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 380 கிலோ வருகிறது. ஆட்கள் நடமாடும் மொட்டைமாடிக்கு, ஐ.எஸ். 875 என்ற இந்தியத் தரத்தின் இரண்டாம் பகுதி கணக்கில் எடுக்கச் சொல்லும் பாரம் சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோதான். உங்கள் கட்டடத்தை வடிவமைத்தவர் தாராள மனதுக்காரராக இருந்தாலும் இரண்டரை மடங்கு தாராளமாக இருந்திருக்க மாட்டார். தண்ணீர்த் தொட்டியின் கதை வேறு: அதைத் தூண்களுக்கு மேலோ பீம்களுக்கு மேலோ மேடை கட்டி வைக்கிறார்கள், அந்தப் பாரம் வரைபடத்திலேயே இருக்கிறது. ஜக்குஸி போய் உட்காருவது பெரும்பாலும் ஸ்லாபின் நட்டநடுவில், அங்கிருந்துதான் காட்சி நன்றாக இருக்கும் என்பதற்காக.

சில ஆண்டுகளுக்கு முன், மாடியில் இப்படி ஜக்குஸி வைத்த ஒரு வீட்டுக்குக் கீழ்வீட்டில் பார்க்கச் சொல்லி என்னை அழைத்திருந்தார்கள். படுக்கையறை அலமாரியின் லாஃப்ட் கதவு மேலே உரசித் திறக்க மறுத்தது. தச்சர் இரண்டு முறை இழைத்துப் பார்த்துவிட்டார். மின்விசிறிக் கொக்கியை ஒட்டி மயிரிழை போன்ற ஒரு விரிசலும், அதன் ஓரத்தில் தேநீர்க் கறை நிறத்தில் துருவும் தெரிந்தன. மேலே தொட்டியைக் காலி செய்யச் சொல்லிவிட்டு மறுநாள் போய்ப் பார்த்தபோது, அந்தக் கதவு விரலால் தள்ளியதும் மூடிக்கொண்டது.

சட்டத்துக்கு வருவோம். மாடியைப் பயன்படுத்தும் உரிமை உங்களுடையது. ஆனால் அதைத் தாங்கும் ஸ்லாபும் பீமும் தூணும் எல்லோருக்கும் பொது. கட்டடத்தின் உறுதிக்குக் கேடு வரக்கூடிய வேலையை மற்ற உரிமையாளர்கள் அனைவரின் சம்மதமின்றி ஒருவர் செய்யக் கூடாது என்பது 1972-ஆம் ஆண்டின் கர்நாடக அடுக்கக உரிமைச் சட்டத்தின் நோக்கு. அனுமதி வேண்டாம் என்று சொல்லும் கடைக்காரர் அதைத் தன் கையெழுத்திட்டுத் தருவாரா என்று கேட்டுப் பாருங்கள். ஆசை விடவில்லையென்றால், மூல வரைபடத்தோடு ஒரு கட்டமைப்புப் பொறியாளரை அழைத்து, பாரத்தைப் பீம்களுக்குக் கடத்தும் இரும்புச் சட்டம் அமைக்க முடியுமா என்று கேட்டு, அவருடைய சான்றிதழோடு பொதுக்குழுவுக்குப் போங்கள்.

அது கைகூடினால், நீரின் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது. சூட்டில் குளோரின் விரைவாகப் பறந்துவிடுவதால் குளத்தைவிட இதற்குக் கூடுதலாக, பத்து லட்சத்தில் மூன்று பங்காவது இருக்க வேண்டும். கர்ப்பிணிகளையும் சின்னக் குழந்தைகளையும் அதில் இறக்காதீர்கள்.

கேள்வி: சர்ஜாபுரச் சாலையில் தனிவீடு. பக்கவாட்டில் விட்டிருக்கும் காலியிடத்தில் ஐந்தடி ஆழத்துக்குச் சிறு குளம் வெட்டலாமா?
– ஒரு வாசகர், சர்ஜாபுரச் சாலை

பதில்: கூரையில்லாத நீச்சல்குளத்தைத் தேசியக் கட்டட விதித்தொகுப்பு கட்டுமானப் பரப்பில் சேர்ப்பதில்லை. இதைக் கேட்டுவிட்டு மண்வெட்டியைத் தூக்கிவிடாதீர்கள். மேலே ஷீட் போட்டாலோ ஃபில்டருக்கு அறை கட்டினாலோ கணக்கு மாறிவிடும். திருத்திய வரைபடத்தை உங்கள் பகுதிக்கான அலுவலகத்தில் கொடுத்துவிட்டுத் தொடங்குங்கள், பழைய பெங்களூரு மாநகராட்சி (பி.பி.எம்.பி.) எல்லையில் இருப்பவர்களுக்கு 2025 செப்டம்பர் முதல் அது ஐந்து மாநகராட்சிகளில் ஒன்று. மதிலுக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு அஸ்திவாரம் இருக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள். ஃபில்டரைக் கழுவிய குளோரின் நீரை மழைநீர்க் கால்வாயில் விட வேண்டாம். ஆஸ்திரேலியாவில் வீட்டுக் குளத்தைச் சுற்றி 1.2 மீட்டர் வேலியும் தானாக மூடிக்கொள்ளும் கதவும் கட்டாயம். இங்கே யாரும் வந்து கேட்காவிட்டாலும் நீங்கள் போட்டுவிடுங்கள்.

கேள்வி: குளத்து விளக்குகளை நினைத்தாலே பயமாக இருக்கிறது. அசோசியேஷனிடம் என்ன கேட்க வேண்டும்?
– ஒரு தாய், வர்த்தூர்

பதில்: உங்கள் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 2023 டிசம்பர் இறுதியில் உங்கள் பகுதி அடுக்ககம் ஒன்றின் நீச்சல்குளத்தருகே ஒன்பது வயதுச் சிறுமி உயிரிழந்தாள். மின்சாரம் தாக்கியதே காரணம் என்று விசாரித்த போலீசார், சங்க நிர்வாகிகள் உட்படச் சிலரைக் கைது செய்தார்கள். பதவி என்பது ஆண்டு விழாவில் மாலை வாங்குவதற்கு மட்டும் இல்லை என்று அன்று பல சங்கங்களுக்கு உறைத்தது.

நீருக்குள் எரியும் விளக்குகள் 12 வோல்ட்டில் ஓடுகின்றனவா, அதற்கான டிரான்ஸ்ஃபார்மர் குளத்திலிருந்து தள்ளி இருக்கிறதா என்று கேளுங்கள். குளத்துக்குப் போகும் இணைப்பில் 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே துண்டித்துவிடும் ஆர்.சி.சி.பி. என்ற பாதுகாப்பு சுவிட்ச் இருக்க வேண்டும். அதில் 'T' என்று எழுதிய ஒரு சிறு பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை எலக்ட்ரீஷியன் அதை அழுத்தும்போது நீங்களும் பக்கத்தில் நில்லுங்கள். அழுத்தியவுடன் சுவிட்ச் டக்கென்று கீழே விழ வேண்டும். விழவில்லையென்றால் அன்றே குளத்தைப் பூட்டிச் சாவியை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள்.