அமீரகத்தில் வேலையை விடுகிறீர்களா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: துபாயில் மூன்று ஆண்டுகளாக வேலை செய்கிறேன். நானாக ராஜினாமா செய்தால் பணிக்கொடை கிடைக்காது என்கிறார் மேலாளர். உண்மையா?

பதில்: இல்லை. நாமாக விலகினால் பணிக்கொடையில் வெட்டு விழுவது பழைய சட்டத்தில். 2022 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத்தில் அந்த வெட்டு இல்லை. ஓராண்டு முடித்தவருக்கு முதல் ஐந்து ஆண்டுகள்வரை ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம், அதற்குமேல் ஆண்டுக்கு 30 நாள். அடிப்படைச் சம்பளம் 1,500 திர்ஹாம் என்றால் உங்களுக்கு 3,150 திர்ஹாம் வர வேண்டும். வீட்டுப்படி, போக்குவரத்துப்படி இதில் சேராது. மொத்தச் சம்பளத்தை வைத்து மனக்கணக்குப் போட்டுக் கடைசியில் திகைத்துப்போகிறவர்கள் பலர். ஒப்பந்தத்தை இன்றே எடுத்துப் பாருங்கள்.

பாக்கி முழுவதையும் 14 நாளுக்குள் தர வேண்டும். விசாவை ரத்து செய்யும்போது ஒரு தாளை நீட்டுவார்கள். வரவேண்டியதெல்லாம் வந்துவிட்டது என்று அதில் இருக்கும். 'கையெழுத்துப் போடுங்கள், ஊருக்கு அனுப்பிவைக்கிறோம்' என்பார்கள். வங்கிக் கணக்கில் பணம் ஏறும்வரை பேனாவைத் தொடாதீர்கள். இழுத்தடித்தால், நாட்டில் இருக்கும்போதே மனிதவள அமைச்சகத்தில் புகார் கொடுங்கள்.

கேள்வி: தகுதிகாண் காலத்தில் இருக்கிறேன். விலகினால் விசா செலவைக் கட்டச் சொல்கிறார்கள்.

பதில்: வேலைக்கு எடுத்த செலவைத் தொழிலாளி தலையில் கட்டச் சட்டம் இடம் தரவில்லை. ஊர் திரும்புவதானால் 14 நாள் முன்னறிவிப்பு. அங்கேயே வேறு நிறுவனத்தில் சேர்வதானால் ஒரு மாதம். பழைய நிறுவனத்துக்கு ஈடு தர வேண்டியிருந்தால் அது புதிய நிறுவனத்தின் பொறுப்பு.

கேள்வி: பாஸ்போர்ட்டை நிறுவனம் வாங்கி வைத்திருக்கிறது.

பதில்: சட்டவிரோதம். எழுத்தில் கேளுங்கள்; தர மறுத்தால் அதையும் புகாரில் சேருங்கள்.

கேள்வி: விடுமுறையில் ஊருக்கு வந்து, திரும்பாமல் இருந்துவிட்டால் என்ன?

பதில்: தயவுசெய்து வேண்டாம். காரணமின்றித் தொடர்ந்து ஏழு நாளுக்குமேல் வேலைக்கு வராதவரை முன்னறிவிப்பின்றி நீக்கலாம். வேலையை விட்டு ஓடிவிட்டார் என்று பதிவானால் ஓராண்டுக்குப் புதிய வேலை அனுமதி கிடையாது. வேலையின் மீது எவ்வளவு வெறுப்பு இருந்தாலும் ராஜினாமாவை மின்னஞ்சலில் அனுப்புங்கள், ஒப்பந்தத்தில் உள்ள முன்னறிவிப்புக் காலத்தை முடியுங்கள். அது 30 நாளுக்குக் குறையாது, 90 நாளைத் தாண்டாது. வீட்டு வேலை செய்பவர்களுக்குத் தனிச் சட்டம் உண்டு. மேலே சொன்ன கணக்கு அவர்களுக்குப் பொருந்தாது.