பைதானில் பல வரி ஸ்ட்ரிங் எழுதினால் ஏன் ஓரத்தில் இடைவெளி வருகிறது, பெயர்ப்பட்டியல் ஏன் கோணுகிறது?

ஃபங்ஷனுக்குள் மூன்று மேற்கோள் போட்டு வாராந்தத் தேயிலைக் கொழுந்துக் கணக்குத் துண்டு எழுதியிருக்கிறீர்கள், அச்சடித்தால் வரிக்கு வரி முன்னால் இடைவெளி வருகிறது, பெயருக்கு நேரே கிலோவும் நிற்கவில்லை. இரண்டுக்கும் காரணம் வேறு வேறு.

முதலாவது சுலபம். மூன்று மேற்கோளுக்குள் இருப்பதை பைதான் அப்படியே எடுத்துக்கொள்ளும், கோட் பார்க்க ஒழுங்காக இருக்கட்டும் என்று நீங்கள் உள்தள்ளி எழுதிய எட்டு ஸ்பேஸும் அதில் சேர்த்தி. ஜாவாவில் 2020இல் வந்த 15ஆம் பதிப்பிலிருந்து டெக்ஸ்ட் பிளாக் (அதன் பல வரி ஸ்ட்ரிங்) இந்த ஓரத்தைத் தானாகவே வெட்டிவிடும், இங்கே நாம்தான் சொல்ல வேண்டும். பைதானோடு வரும் டெக்ஸ்ட்ராப் (textwrap) மாட்யூலில் இருக்கும் டீடென்ட் (dedent) என்ற ஃபங்ஷன், எல்லா வரிக்கும் பொதுவான இடைவெளியை மட்டும் எடுக்கும். ஆனால் தொடக்க மேற்கோளை ஒட்டியே முதல் வரியை எழுதினால் அந்த வரிக்கு முன்னால் இடைவெளி பூச்சியம், அப்போ பொதுவானதும் பூச்சியம், அது ஒன்றையும் தொடாது. மேற்கோள் முடிந்த கையோடு ஒரு பின்சாய்கோடு (\) போட்டுவிட்டு அடுத்த வரியில் தொடங்குங்கள். ஒரு வரிக்கு டேப், இன்னொரு வரிக்கு ஸ்பேஸ் என்று இருந்தாலும் இதே கதைதான்.

பெயர், கிலோ போன்ற மதிப்புகளை ஸ்ட்ரிங்குக்குள்ளேயே நிரப்பும் எஃப்-ஸ்ட்ரிங்கை (f-string) டீடென்டுக்குள் கொடுத்திருந்தால், அதை மாற்றுங்கள். எஃப்-ஸ்ட்ரிங்கில் மதிப்புகள் முதலில் நிரம்பும், டீடென்ட் பிறகுதான் பார்க்கும். முகவரி 'மேல் டிவிஷன்', கீழே 'தலவாக்கலை' என்று இரண்டு வரியாக இருந்தால் தலவாக்கலை இடது ஓரத்தில் போய் ஒட்டிக்கொள்ளும், அந்த ஒரு வரியால் துண்டு முழுவதும் பழையபடி தள்ளியே நிற்கும். மதிப்புகளுக்கு இடம் மட்டும் விட்ட வெறும் வார்ப்பை முதலில் டீடென்ட் செய்து ஒரு மாறியில் வைத்துவிட்டு, அப்புறம் ஃபார்மட் என்ற மெத்தடால் நிரப்புங்கள்.

சரி, கிலோ விஷயம். பெயருக்கு 12 இடம் ஒதுக்கு என்று சொன்னால் பைதான் நம் எழுத்தை எண்ணுவதில்லை, கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோட் குறிகளை எண்ணுகிறது. 'கமலம்' நமக்கு நான்கு எழுத்து, அதற்கு ஐந்து, ஏனென்றால் கடைசிப் புள்ளி தனிக் குறி. 'பொன்னம்மா' நமக்கு ஐந்து, அதற்கு ஒன்பது. ஆக கமலத்துக்குப் பின்னால் ஏழு ஸ்பேஸ், பொன்னம்மாவுக்குப் பின்னால் மூன்றே மூன்று. பெயர் நீளமானவர்களின் கிலோ இடப்பக்கம் இழுபடுவது இதனால்தான். இன்னும் ஒரு கூத்து, ஒகரக் குறியை ஒரே குறியாகவும் வைக்கலாம், எகரக் கொம்பும் காலும் என இரண்டாகவும் வைக்கலாம். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, ஆனால் பொன்னம்மா பத்தாகிவிடுவார், பெயரைத் தேடினாலும் அகப்பட மாட்டார். யூனிகோட்டேட்டா மாட்யூலின் நார்மலைஸை, பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்எஃப்சி (NFC) முறையில் ஓட்டிவிட்டால் இது சரியாகும்.

அதற்காகக் கோணலும் நிமிர்ந்துவிடாது. எழுத்துகளைச் சரியாக எண்ணித் தரும் நூலகங்கள் இருக்கின்றன, ஆனால் எண்ணி என்ன பயன்? 'ர'வும் 'ணௌ'வும் ஒரே அகலமா? ஸ்பேஸ் போட்டுத் தமிழை வரிசைப்படுத்துவதை விட்டுவிடுங்கள் என்பதுதான் என் கருத்து. முடிந்தால் கிலோவை முன்னால் போட்டுப் பெயரைக் கடைசியில் வையுங்கள், இலக்கங்கள் பெரும்பாலான எழுத்துருக்களில் ஒரே அகலம், கோணாது. பெயர்தான் முன்னால் வர வேண்டும் என்று கணக்கப்பிள்ளை பிடிவாதம் பிடித்தால் எச்டிஎம்எல் அட்டவணையாக எழுதி பிரவுசரிலிருந்து அச்சடியுங்கள்.

நீண்ட குறிப்பை டெக்ஸ்ட்ராப்பால் மடிக்கும்போது பிரேக் லாங் வேர்ட்ஸ் (break_long_words) என்பதை ஃபால்ஸ் ஆக்குங்கள், இல்லாவிட்டால் நீளச் சொல்லை நடுவில் வெட்டி, அடுத்த வரி ஒற்றைக் கொம்போடு தொடங்கும். எக்செலுக்குத்தான் போகிறது என்றால் சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த கோப்பு) போதும், கோப்பைத் திறக்கும்போது என்கோடிங்கை 'யூடிஎஃப்-8-சிக்' (utf-8-sig) என்று கொடுங்கள், வெறும் யூடிஎஃப்-8 கொடுத்தால் எக்செல் பல நேரம் தமிழைக் குப்பையாகக் காட்டும்.